ஊதப்படாத விசில்: அலி பின் நாஸரை முன்வைத்துச் சில குறிப்புகள்

மரடோனாவின் கையைப் பற்றி நம்மிடம் ஏராளமான எழுத்து இருக்கிறது. 2020 நவம்பர் 25 அன்று அவர் இறந்தபோது தமிழில் வந்த அஞ்சலிகளில் நான் வாசித்தவை அனேகமாக எல்லாமே முதலில் அந்தக் கையைத்தான் பற்றிக்கொண்டன. ஏகாதிபத்தியத்தின் கன்னத்தில் விழுந்த அறை, மால்வினாஸ் தீவுகளுக்கான பழிவாங்கல், விளிம்பிலிருந்து உயர்ந்த கை என்று பலவிதமாக. எனக்கும் அந்தக் கையின் மேல் பிரியம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எழுத்துக்களிலெல்லாம் ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறார். அன்று இருபத்திரண்டு ஆட்டக்காரர்களோடு சேர்ந்து தொண்ணூறு நிமிடமும் ஓடியவர். விசில் வைத்திருந்தவர். துனீசியாவைச் சேர்ந்த அலி பின் நாஸர். பிரெஞ்சுக்காரன் போட்ட எழுத்துக்கூட்டலில் வாசித்தால் பென்னசூர். பெயரே ஒரே மாதிரி எழுதப்படாத மனிதர். இங்கிலாந்துக்கு அவர் 'அந்தத் துனீசியன்'. நமக்கு அதுவும் இல்லை.

இதை ஒரு அனுதாபக் குறிப்பாக எழுத எனக்கு விருப்பமில்லை. 'பாவம் அந்த ரெஃப்ரி' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பிரச்சினை வேறு. மூன்றாம் உலகத்தின் வெற்றி என்று நாம் கொண்டாடுகிற ஒரு நிகழ்வில், அதற்கான விலையைக் கட்டியவரும் மூன்றாம் உலகத்துக்காரர்தான். கொண்டாடியவர்களும் சரி, சபித்தவர்களும் சரி, அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எப்படி இது சாத்தியமாயிற்று?

கால்பந்து நடுவர் ஒருவரின் தொழில்வாழ்க்கை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளூர் லீகில், புல் முளைக்காத மைதானங்களில் தொடங்குகிறது. வசவு கேட்பதுதான் முதல் பயிற்சி. பிறகு மாவட்டம், மாநிலம், தேசிய லீக், ஃபிஃபாவின் சர்வதேசப் பட்டியல், கண்ட அளவிலான போட்டிகள், அதிர்ஷ்டம் இருந்தால் உலகக் கோப்பை. ஒவ்வொரு படியிலும் ஓட்டப் பரீட்சை உண்டு. மேடையில் உட்கார்ந்து மார்க் போடுகிற பார்வையாளர் உண்டு. உச்சிக்கு வரும்போது வயது நாற்பதைத் தொட்டிருக்கும், ஓய்வு வயது பக்கத்தில் நிற்கும். இவ்வளவு ஓட்டத்துக்கும் பதிவு என்ன? ஆட்டக்காரனுக்கு கோல் எண்ணிக்கை இருக்கிறது. நடுவர் சரியாகச் சொன்ன பத்தாயிரம் முடிவுகளும் சொன்ன அந்தக் கணத்திலேயே கரைந்துவிடுகின்றன, ஆட்டம் மேலே போய்விடுகிறது. மிஞ்சுவது அவர் தவறவிட்ட ஒன்று. தப்பு மட்டுமே ஆவணமாகிற தொழில் இது. பட்டிமன்ற நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம். இவருக்கு அந்த வசதியும் கிடையாது.

உருகுவே எழுத்தாளர் எடுவர்டோ கலியானோ 1995இல் வெளியிட்ட கால்பந்துப் புத்தகத்தில் நடுவருக்கென்று ஒரு சிறு பகுதி உண்டு. நடுவரை ஒரு கொடுங்கோலனாகவும், அதேசமயம் எல்லோருடைய தோல்விக்கும் பழி சுமக்கிற பலியாடாகவும் தீட்டுகிறார். அழகான எழுத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் கலியானோவின் நடுவருக்கு ஊர் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, தோலின் நிறம் கிடையாது. லத்தீன் அமெரிக்காவின் கனிமத்தையும் சர்க்கரையையும் யார் யார் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கணக்கெழுதிய கை, நடுவரிடம் வந்தவுடன் பொதுமனிதனை எழுதிவிடுகிறது. சிறுபத்திரிகைச் சண்டைகளில் 'நடுநிலையான விமர்சனம்' கேட்பவர்கள் எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பழக்கம்தான். மைதானத்துக்குப் போனால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

நடுவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கனவான்கள் ஆடிய காலத்தில் அவர் மைதானத்துக்குள்ளேயே இல்லை. ஒவ்வொரு அணியும் ஒரு அம்பயரைக் கொண்டுவரும். அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் கோட்டுக்கு வெளியே நிற்கிற மூன்றாமவரிடம் 'ரெஃபர்' செய்வார்கள். ரெஃப்ரி என்ற சொல் அப்படி வந்ததுதான். கனவான் வேண்டுமென்றே தப்பு செய்யமாட்டான் என்பது அந்த ஏற்பாட்டின் அடியில் இருந்த நம்பிக்கை. 1885இல் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது சட்டபூர்வமாகிறது, ஆலைத் தொழிலாளிகள் ஆட்டத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்கிறார்கள். 1891இல் நடுவர் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். பெனால்டியும் அதே ஆண்டுதான். கனவான்களுக்குத் தேவைப்படாத நடுவர் தொழிலாளி வந்தவுடன் தேவைப்பட்டார் என்று சொன்னால் தடாலடியாகத் தெரியும். லீக், போட்டி, டிக்கெட் வருமானம் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பெனால்டி என்ற விதியையே தங்களுக்கு நேர்ந்த அவமானமாக நினைத்த அமெச்சூர் கனவான்கள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது படம் தெளிவாகிறது. நாம் 'நடு' என்கிற சொல்லால் அவரைக் குறிக்கிறோம். பிறப்பை வைத்துப் பார்த்தால் அவர் மேலேயிருந்து இறக்கப்பட்டவர்.

இறக்கியபோது கொடுத்த அதிகாரம் பெரியது. ஆட்டம் சம்பந்தமான உண்மைகளைப் பொறுத்தவரை நடுவரின் முடிவே இறுதி என்பது ஐந்தாவது விதி. 'உண்மை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நடந்ததற்கும் நடுவர் பார்த்ததற்கும் இடையே விதி இடைவெளி வைக்கவில்லை. அவர் பார்த்ததே நடந்தது. இந்த இடத்தில் ஃபூக்கோவை இழுத்துவந்து உட்காரவைப்பது சுலபம், நம்மில் பலரும் செய்யக்கூடியதுதான். எனக்கு ஆர்வமாக இருப்பது இந்த இறையாண்மையின் எல்லை. நாலு கோட்டுக்குள் சக்கரவர்த்தி. கோட்டுக்கு வெளியே அவர் எடுத்த முடிவு ஒரு பிரதி, அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். நடுவரின் தொழில்வாழ்க்கையைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது வாசிப்புதான்.

இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் உலகக் கோப்பையில் மோதிய மூன்று ஆட்டங்களை வைத்து இதைப் பார்க்கலாம். அணிகள் அதே. நடுவர்கள் மூன்று பேர்: ஒரு ஜெர்மானியர், ஒரு துனீசியர், ஒரு இத்தாலியர்.

முதலாவது 1966 ஜூலை 23, வெம்ப்ளி, கால் இறுதி. ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன், அர்ஜென்டினாவின் கேப்டன் ரட்டீனை வெளியே போகச் சொல்கிறார். ரட்டீனுக்கு ஜெர்மன் தெரியாது, க்ரைட்லைனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு ரட்டீன் போகமாட்டேன் என்று நிற்கிறார். நாவால் செய்த வன்முறை என்பது நடுவர் பக்கத்திலிருந்து வந்த விளக்கம். தெரியாத பாஷையில் திட்டியதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால், முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே அர்ஜென்டினாக்காரர்களை மிருகங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். அன்றைக்கே ஷெஃபீல்டில் மேற்கு ஜெர்மனி உருகுவேயோடு ஆடியது. அங்கே நடுவர் ஆங்கிலேயர், வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டு உருகுவேக்காரர்கள். இங்கிலாந்தின் ஆட்டத்துக்கு ஜெர்மானியன், ஜெர்மனியின் ஆட்டத்துக்கு ஆங்கிலேயன். தென் அமெரிக்கா கொதித்தது. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கு நேரடி இடம் தரப்படவில்லை என்று அந்தப் போட்டியையே புறக்கணித்திருந்தன என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இந்தக் கொதிப்புக்குப் பதிலாக வந்தது என்ன தெரியுமா? அட்டைகள். அப்போது ஃபிஃபாவின் நடுவர் பொறுப்பில் இருந்த ஆங்கிலேயர் கென் ஆஸ்டன், அந்த ஆட்டத்துக்குப் பிறகு காரில் போகும்போது லண்டன் தெருவின் சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டையை யோசித்தார். 1970 மெக்சிகோவில் அமலுக்கு வந்தது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் கேள்வி 'யார் யாருக்குத் தீர்ப்புச் சொல்வது' என்பதாக இருந்தது. பதில் இரண்டு வண்ணங்களாக வந்தது.

இரண்டாவது 1986 ஜூன் 22. மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானம், மறுபடியும் கால் இறுதி, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மால்வினாஸ் போர் முடிந்து நாலு வருஷம். அர்ஜென்டினாவின் தரப்பில் 649 பேர், பிரிட்டனின் தரப்பில் 255 பேர் செத்த போர். இந்த ஆட்டத்துக்கு நடுவராக பின் நாஸர். 1944இல் பிறந்தவர், பிரெஞ்சு ஆட்சி போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே இரண்டிலும் சேராத ஒருவரை நிறுத்துவது என்ற ஏற்பாடு 1966இன் குற்றச்சாட்டுக்கு இருபது வருஷம் கழித்துக் கிடைத்த பதில் போலத்தான் இருந்தது. ஒரு கோட்டில் பல்கேரியாவின் பொக்தான் தொச்செவ், மறு கோட்டில் கோஸ்டாரிகாவின் உல்லோவா.

51ஆவது நிமிடம். ஹாட்ஜ் தன் கோல்கீப்பரை நோக்கி உயரத் தட்டிய பந்துக்கு ஷில்டனும் மரடோனாவும் எம்புகிறார்கள். மரடோனா ஷில்டனைவிட ஒரு சாணுக்கு மேல் குள்ளம். இடது முஷ்டி. பந்து உள்ளே. பின் நாஸர் பிற்பாடு சொன்னது இது: இருவரும் தனக்கு முதுகு காட்டி, தொச்செவ்வின் பக்கம் முகம் காட்டி எழும்பினார்கள். தனக்குத் தயக்கம் இருந்தது. தொச்செவ்வைப் பார்த்தேன், அவர் கை என்று எந்தச் சைகையும் காட்டாமல் நடுக்கோட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். சக நடுவர் நல்ல இடத்தில் இருந்தால் அவர் கருத்தை மதியுங்கள் என்பது ஃபிஃபா ஆட்டத்துக்கு முன் சொன்ன அறிவுரை. தொச்செவ்வின் தரப்பு வேறு. ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் நடுவரோடு விவாதிக்க அன்றைய விதிமுறை இடம் கொடுக்கவில்லை என்றார்.

இதில் யார் சொல்வது நிஜம் என்று நாற்பது வருஷமாக வழக்கு நடக்கிறது. இரண்டுமே நிஜமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் சைகைக்குக் காத்திருக்கிறார், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் முடிவுக்குக் காத்திருக்கிறார். அதிகாரத்தைப் படிப்படியாக அடுக்கிவைத்த எந்த ஆபீசிலும் நடப்பதுதான். ஃபைல் நகர்ந்துவிடுகிறது.

தொச்செவ் இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு முக்கியமான ஆட்டத்துக்கு ஐரோப்பிய நடுவரைப் போட்டிருந்தால் அந்த கோல் செல்லாது என்றாகியிருக்கும் என்று. இந்த வாக்கியத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். அன்று மைதானத்தில் நல்ல கோணத்தில் நின்ற நடுவர் ஐரோப்பியர்தான். அவர்தான் தொச்செவ். ஐரோப்பாவின் வாசற்படியில், அதுவும் அன்றைய சோஷலிச முகாமின் பக்கத்தில் நின்ற ஒருவர், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் குரலில் பேசுகிறார். அவரைத் தூற்ற மனம் வரவில்லை. மரடோனா தன் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே 2017இல் செத்துப்போனார் மனிதர். 1982 உலகக் கோப்பையில் தானே நடுவராக நின்றவர். இன்று அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. பின் நாஸர் பக்கமாக எறிந்த கல் அவர் மேலும்தான் விழுந்தது.

'துனீசியனைப் போட்டால் இப்படித்தான்' என்ற வாசிப்பு எவ்வளவு இயல்பாக வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நாலு வருஷம் முன்னால் போக வேண்டும். 1982 ஜூலை 8, செவில் நகரம், மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் ஆடிய அரை இறுதி. ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் ஓடிவந்து பட்டிஸ்டோன் மேல் பாய்கிறார். பட்டிஸ்டோன் மயங்கி விழுகிறார், பல் போகிறது, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டச்சு நடுவர் சார்ல்ஸ் கார்வர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல்கிக் எடுக்கச் சொன்னார். இதைவிடப் பெரிய கண்மறைப்பு உலகக் கோப்பை வரலாற்றில் அதிகம் இல்லை. 'டச்சுக்காரனை எதற்குப் போட்டீர்கள்' என்று யாராவது கேட்டார்களா? அது கார்வரின் தப்பு, அந்த நிமிடத்தின் தப்பு. ஐரோப்பியன் செய்தால் அது சம்பவம், ஆப்பிரிக்கன் செய்தால் அது சாட்சியம்.

நம் பக்கம் என்ன செய்தோம்? கையைக் கொண்டாடினோம். மரடோனாவே அந்த கோலை ஆங்கிலேயனின் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்த மாதிரி என்று பின்னாளில் பேசினார். ஜேப்படிக்கு ஒரு வர்க்க நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜேப்படி நடக்கும் பஸ்ஸில் மாட்டிக்கொள்வது கண்டக்டர். இங்கிலாந்து அந்தக் கோப்பையோடு ஒழிந்துபோகவில்லை. ஷில்டன் அடுத்த உலகக் கோப்பையிலும் ஆடினார். நாற்பத்திரண்டு வயது பின் நாஸருக்கு அதன்பின் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. ஒரு ஆப்பிரிக்க நடுவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் விசில் ஊத இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று: 1998, பாரிஸ், மொராக்கோவின் சாயித் பெல்கோலா. உலகக் கோப்பை தொடங்கி அறுபத்தெட்டு வருஷம். அந்த ஆட்டத்தில் அவர் குறித்துப் பேச யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நடுவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அதனாலேயே அவரையும் மறந்துபோனோம்.

அஸ்டெகாவில் கதை 51ஆவது நிமிடத்தோடு முடியவில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதன்பிறகு நடந்தது. நாலே நிமிடம் கழித்து, தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கிய மரடோனா திரும்புகிறார். பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், கடைசியில் ஷில்டன். பத்துப் பதினோரு விநாடி. 2002இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் கோல் என்று தேர்வானது. இந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம். எத்தனை தடவை பார்த்தாலும் கண் மரடோனாவின் இடது காலைவிட்டு நகராது. ஒரு தடவை, ஒரே தடவை, அவர் பின்னால் ஓடுகிற நடுவரைப் பாருங்கள்.

மரடோனாவைப் போன்ற ஆளிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது என்பதால் நெருக்கமாகவே ஓடினேன் என்கிறார் பின் நாஸர். மூன்று இடத்தில் ஆங்கிலேயர்கள் அவரைச் சாய்க்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் 'அட்வான்டேஜ்' என்று கத்திவிட்டு விசிலை ஊதாமல் தொடர்ந்தேன், பெட்டிக்குள் விழுத்தினால் பெனால்டி கொடுக்கத் தயாராக இருந்தேன் என்கிறார். அட்வான்டேஜ் என்பது விதிப்புத்தகத்தில் ஒரு வரி. ஃபவுலுக்கு ஆளான அணிக்கு ஆட்டம் தொடர்வதில் லாபம் இருந்தால் நிறுத்தாதே என்பது அதன் சாரம். மைதானத்தில் அது நொடியின் பின்னத்தில் எடுக்கிற ரிஸ்க். ஊதிவிட்டால் நடுவருக்கு ஆபத்தே இல்லை, ஃபவுல் ஃபவுல்தான், யாரும் குறைசொல்ல முடியாது. ஊதாமல் விட்டு, ஆட்டக்காரன் அடுத்த அடியில் தடுமாறிப் பந்தை இழந்தால் பழி நடுவருக்கு. நாலு நிமிடம் முன்னால்தான் இங்கிலாந்தின் மொத்த அணியும் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறது. மனதில் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நிலைமையில் இருக்கிற சராசரி நடுவர் என்ன செய்வார்? அடுத்த சின்ன மோதலுக்கே ஊதி ஆட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்ப்பார். இங்கிலாந்துக்கு ஏதாவது 'சரிக்கட்டி' கொடுக்கப் பார்ப்பார். எல்லா ஊர் நடுவர்களும் செய்வது. பின் நாஸர் செய்யவில்லை. ஆட்டத்தை ஆட்டக்காரனின் காலிலேயே விட்டார்.

ஆக, ஊதப்படாத விசில் இரண்டு. முதலாவது உலகத்துக்குத் தெரியும், அதற்கு அவர் பெயரைச் சொல்வார்கள். இரண்டாவதை யாரும் எழுதவில்லை. நூற்றாண்டின் கோலுக்கு ஆசிரியர் ஒருவர்தான் என்கிற மேதைமை வழிபாடு நமக்கு இலக்கியத்திலேயே இன்னும் போகவில்லை, கால்பந்தில் எங்கே போகப்போகிறது. ஒரு பிரதியை வெட்டாமல் விட்ட பதிப்பாசிரியனுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று நாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். இங்கேயும் அதே கேள்விதான்.

மூன்றாவது ஆட்டம் 2002 ஜூன் 7, ஜப்பானின் சப்போரோ. நடுவர் இத்தாலியின் பியர்லூய்ஜி கொலீனா. பொலோன்யாவில் 1960இல் பிறந்தவர், பொருளாதாரம் படித்தவர், இருபத்து நாலு வயதில் உடம்பு முடியெல்லாம் கொட்டிப்போனவர். அந்த மொட்டைத் தலையும் முழித்த கண்ணும் நடுநிலை என்கிற அருவமான சமாச்சாரத்துக்குக் கிடைத்த முகமாகிவிட்டன. ஆறு வருஷம் தொடர்ந்து உலகின் சிறந்த நடுவர் விருது, 1999இல் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், 2003இல் ஒரு வீடியோ கேமின் அட்டையில் படம். ஆட்டக்காரன் இல்லை, ரெஃப்ரி! சப்போரோவில் போச்செட்டினோவின் கால் நீட்டலில் ஓவன் விழுந்தார், கொலீனா பெனால்டி கொடுத்தார், பெக்காம் அடித்தார், 1-0. ஓவன் விழுந்தாரா, விழுந்துகாட்டினாரா என்று அர்ஜென்டினாவில் இன்றும் பேச்சு உண்டு. அர்ஜென்டினாவை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பியதில் அந்தத் தோல்விக்கு முக்கியப் பங்கு உண்டு. சரி, கொலீனாவுக்கு என்ன ஆயிற்று? இருபத்துமூன்று நாள் கழித்து யோக்கஹாமாவில் இறுதி ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர்.

கொலீனா தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த நடுவர்களில் ஆட்டத்தைப் படித்துவிட்டு வருகிறவர் அவர்தான். இத்தாலியில் 2006இல் வெடித்த கால்ச்சோபோலி ஊழலில், நடுவர்களை நியமிப்பவர்களோடு யுவென்டஸ் நிர்வாகி மோஜ்ஜி டெலிபோனில் பேசிய பேச்சுக்கள் வெளிவந்து ஊரே நாறியபோது குற்றச்சாட்டுக்கு ஆளாகாமல் நின்றவர். ஆனால் அவர் களத்தைவிட்டுப் போன விதம் சுவாரஸ்யமானது. 2005இல் ஓப்பல் கார் கம்பெனியோடு விளம்பர ஒப்பந்தம் போட்டார். அதே ஓப்பல்தான் ஏ.சி. மிலான் அணியின் சட்டையிலும் இருந்தது. நடுவர் சங்கம் ஆட்சேபித்தது, அவர் ராஜினாமா செய்தார். நடுநிலைக்குச் சந்தையில் விலை வந்தபிறகு அதை விற்ற இடத்தில் நடுநிலை காலியாகிவிடுகிறது என்பதைச் சங்கத்துக்காரர்கள் புரிந்துகொண்டார்கள், கொலீனா புரிந்துகொள்ளவில்லை. அல்லது அவருக்கும் புரிந்தே இருந்திருக்கலாம்.

அதே 2002 உலகக் கோப்பையில் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தவர்களில் சென்னைக்காரர் ஒருவரும் உண்டு, கோமளீஸ்வரன் சங்கர். நம் விளையாட்டுப் பக்கங்கள் அவருக்குக் கொடுத்த இடம் எவ்வளவு என்று தேடிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அவரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் போட்டியின் ஜூன் 22ஆம் தேதி (அஸ்டெகாவுக்குச் சரியாகப் பதினாறு வருஷம்) குவாங்ஜுவில் ஸ்பெயின் தென்கொரியாவிடம் தோற்றது. ஸ்பெயினின் இரண்டு கோல்கள் செல்லாது என்றானது. நடுவர் எகிப்தியர், கோட்டில் உகாண்டாக்காரர் ஒருவர், டிரினிடாட்காரர் ஒருவர். கூச்சல் மறுபடியும் அதே திசையில்: சின்ன நாட்டுக்காரனிடம் கொடியைக் கொடுத்தால் இப்படித்தான். 2006இலிருந்து நடுவரும் இரண்டு கோட்டு நடுவர்களும் ஒரே நாட்டிலிருந்தோ ஒரே கண்டத்திலிருந்தோ சேர்ந்த குழுவாக வரவேண்டும் என்று ஆக்கினார்கள். மூவரும் ஒரு மொழியில் பேசிக்கொள்ளலாம் என்பது நியாயமான காரணம், தொச்செவ்வையும் பின் நாஸரையும் நினைத்தால் நியாயம்தான். ஆனால் பெரிய நடுவர் இல்லாத நாட்டின் கொடிக்காரனுக்கு அத்தோடு வழி அடைபட்டது. 2006 முதல் 2022 வரை நடந்த ஐந்து ஆண்கள் உலகக் கோப்பைகளில் இந்திய நடுவர் ஒருவரும் இல்லை.

பிறகு திரை வந்தது. 2018 ரஷ்யாவில் வி.ஏ.ஆர். அறிமுகமானபோது ஃபிஃபாவின் நடுவர் குழுத் தலைவர், 2017இல் பொறுப்பேற்ற அதே கொலீனா. 1986இன் கை இன்று ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அதை நினைத்து ஏங்குகிற காவிய மனநிலை எனக்கு இல்லை. ஒரு ஏழை நாட்டு நடுவரின் ஆயுள்கால உழைப்பு ஒரு நொடியில் போகாமல் இருக்குமென்றால் திரை நல்லதுதான். ஆனால் திரைக்கு முன் உட்கார்ந்தது யார்? வி.ஏ.ஆர். பணிக்கென்றே அந்த உலகக் கோப்பைக்குத் தனியாகத் தேர்ந்தெடுத்த பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் ஐரோப்பியர், மூன்று பேர் தென் அமெரிக்கர், ஒருவர் கத்தார்க்காரர். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரும் இல்லை. அந்தத் தொழில்நுட்பத்தில் கை பழகிய லீக்குகளிலிருந்து எடுத்தோம் என்பார்கள். பொய் இல்லை. காமிரா வாங்கப் பணம் இருக்கிற லீக்கில்தான் கை பழகும். 1966இன் கேள்வி இன்னும் வெம்ப்ளியிலேயே நின்றுகொண்டிருக்கிறது, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொண்டு.

2022 மே மாதம் மரடோனா அன்று போட்டிருந்த சட்டை லண்டனில் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. ஆட்டம் முடிந்து அதை மாற்றிக்கொண்டவர் ஹாட்ஜ், ஷில்டனின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிட்ட அதே ஹாட்ஜ். நவம்பரில் பந்தும் ஏலத்துக்கு வந்தது. முழு ஆட்டத்துக்கும் அன்று ஒரே பந்துதான். முப்பத்தாறு வருஷம் அதை வைத்திருந்தவர் பின் நாஸர். 20 லட்சம் பவுண்டுக்குப் போனது.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், 2015இல், விளம்பரப் படப்பிடிப்பு ஒன்றுக்காகத் துனீசியா வந்திருந்த மரடோனா பின் நாஸரின் வீட்டுக்குப் போனார். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், முத்தமிட்டார்கள். அர்ஜென்டினாவின் சட்டை ஒன்றில் நிரந்தர நண்பர் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் கோப்பையை ஜெயித்தது அர்ஜென்டினா இல்லை, மரடோனாதான் என்று இவர் சொன்னாராம். நீங்கள் இல்லாவிட்டால் நூற்றாண்டின் கோலை நான் அடித்திருக்கவே முடியாது என்று அவர் சொன்னாராம். இதைச் சொன்னவர் பின் நாஸர்தான், வேறு சாட்சி இல்லை. நான் வாசித்த அஞ்சலிகள் எதிலும் இது இல்லை.